மேடையின் உயரம் யாருடையது?

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் முடிவாவது நிறம். கீழ் அலமாரிக்குக் கரும்பச்சையா சாம்பலா, மேலே வெள்ளையா, பளபளப்பா மங்கலா என்று ஒரு வாரம் ஓடும். அடுத்து கல்லின் நிறம், டைல்ஸ், கைப்பிடி. அளவெடுக்க வருகிறவர் சுவருக்குச் சுவர் லேசர் வைத்து அளக்கிறார். ஜன்னலின் அகலம், கதவு திறக்கும் பக்கம், பரணின் ஆழம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். அந்த அறையில் தினமும் நிற்கப்போகிறவரை மட்டும் யாரும் அளப்பதில்லை. மேடை எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டால், "ஸ்டாண்டர்ட் சைஸ்தாங்க" என்று பதில் வரும். வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களைக் கொடுக்கிறார்கள். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் கொடுப்பது 97 நிமிடங்கள். பெண்களின் அந்த ஐந்து மணி நேரத்தில் கணிசமான பங்கு அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே, நின்ற நிலையில் கழிகிறது. பணம் போடுகிறவர் ஒருவர், வடிவமைக்கிறவர் இன்னொருவர், நின்று சமைக்கிறவர் மூன்றாமவர். நம் வீடுகளில் சமையலறை மாற்றம் சொதப்புவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம். கல் விலையும் மர விலையும் அதற்குப் பிறகுதான்.

முழங்கைக் கணக்கு

நம் பாட்டிமார்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே சமைத்தவர்கள். அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், முறம், மண்ணடுப்பு எல்லாமே தரையோடு தரையாக இருந்தன. செட்டிநாட்டு வீடுகளிலும் அக்ரகாரத்து வீடுகளிலும் கடைசிக் கட்டில் இருந்த அடுப்பங்கரை, உட்கார்ந்திருக்கும் உடலுக்காகக் கட்டப்பட்டது. இண்டேன் சமையல் எரிவாயுவின் முதல் இணைப்பு கல்கத்தாவில் வழங்கப்பட்டது 1965-ல். அதற்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் எரிவாயு அடுப்பு ஊர் ஊராகப் பரவ, அடுப்பு மேடை ஏறியது. சமைக்கிறவர் எழுந்து நின்றார். அன்றைய கொத்தனார் தன் அனுபவத்தில் 30 அல்லது 32 அங்குலத்தில் மேடை கட்டி, மேலே கடப்பா கல்லைப் போட்டுக் கொடுத்தார்.

இன்றைக்கு வரும் மாடுலர் பெட்டிகளின் அளவு வேறு இடத்திலிருந்து வந்தது. அதன் மூதாதை என்று சொல்லத்தக்கது, 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் என்ற சின்ன அறை. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று கணக்குப் பார்த்து அவர் அதைச் செய்தார். ஜன்னலோரம் தாழ்வான வேலை மேடை ஒன்று, உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி ஒன்று வைத்தார். நம்மிடம் வந்து சேர்ந்த 'ஸ்டாண்டர்ட்' பெட்டிகளில் அந்த முக்காலி இல்லை. பெட்டியின் உயரம் 720 மில்லிமீட்டர், அதன்கீழ் 100 முதல் 150 மில்லிமீட்டர் கால், மேலே கல். கூட்டினால் 85 முதல் 91 செ.மீ. வரை போகும்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ., நம் கணக்கில் ஐந்தடி. அந்த உயரத்தில் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து 95 செ.மீ. அளவில் இருக்கும். காய் நறுக்கும் இடம் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோள் தளர்வாக இருக்கும். அப்படியானால் ஐந்தடிப் பெண்ணுக்கு நறுக்கும் மேடை 80 முதல் 85 செ.மீ. போதும். ஆனால் ஒரு மேடையின் மேல் ஒரே வேலை நடப்பதில்லை. சப்பாத்தி மாவு பிசையவும் தேய்க்கவும் உடல் எடையை இறக்க வேண்டும், அதற்கு இன்னும் தாழ்வான இடம் நல்லது. அடுப்பு விஷயம் இதைவிட முக்கியம். மேடைமேல் வைக்கும் சாதாரண அடுப்பே ஏறக்குறைய அரை அடி உயரம் எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் வாணலி, அதன் விளிம்புக்கு மேல் கரண்டி பிடித்த கை. 88 செ.மீ. மேடையில் குட்டையான பெண் ஒருவர் அரை மணி நேரம் அல்வா கிளறினால், அவ்வளவு நேரமும் அவருடைய தோள் காதை நோக்கித் தூக்கியபடியே இருக்கும். கழுத்துவலிக்குத் தைலம் வாங்கும் வீட்டில் அடுப்பின் உயரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

தொட்டியில் கதை தலைகீழ். அங்கே கை வேலை செய்வது மேடை மட்டத்தில் இல்லை, தொட்டியின் அடியில். இப்போது விற்பனையில் இருக்கும் எட்டு, பத்து அங்குல ஆழத் தொட்டிகளை 82 செ.மீ. மேடையில் பதித்தால் அடிப்பாகம் 60 செ.மீ. அருகே போய்விடும். பாத்திரம் தேய்க்கிறவர் இடுப்பை வளைத்தே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே சமையலறை மேடை ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அடுப்பு இருக்கும் பகுதியை நான்கு அங்குலம் இறக்கிக் கட்டலாம்; தொட்டிப் பகுதியை இரண்டு அங்குலம் ஏற்றலாம். ஒரே நீளக் கல் ஓடினால் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நேர்கோட்டுக்காக ஒருவருடைய இடுப்பை இருபது வருடம் வளைப்பது நியாயமில்லை. கல்லை இரண்டு மட்டமாக வைக்க முடியாத நிலையில், பெட்டியின் கால்களைக் குறைக்கச் சொல்லலாம். 720 மில்லிமீட்டர் பெட்டியை மாற்ற மாட்டேன் என்கிற நிறுவனமும் கால் உயரத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளும். அடுப்பைப் பதித்துவிடும் ஹாப் வகைக்கு மாறினால் மூன்று நான்கு அங்குலம் மிச்சமாகும். அதற்கும் முன்னால் உங்கள் இட்லிக் குண்டானையும் பெரிய குக்கரையும் கடைக்கே எடுத்துப் போய் அடுத்தடுத்த பர்னர்களில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உட்காராத ஹாப் நம் காலை நேரத்துக்கு உதவாது.

அளப்பது எப்படி? வீட்டில் வழக்கமாக எப்படி நிற்கிறீர்களோ அப்படியே நில்லுங்கள். செருப்புப் போடும் பழக்கம் இருந்தால் செருப்போடு. மடக்கிய முழங்கையிலிருந்து தரைவரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு சாப்பாட்டு மேசையின் மேல் புத்தகங்களை அடுக்கி, மேலே பலகை வைத்து, இரண்டு நாள் அங்கேயே காய் நறுக்கிப் பாருங்கள். எந்த உயரத்தில் தோள் நோகவில்லையோ அதுவே உங்கள் ஸ்டாண்டர்ட். இரண்டு பேர் சமைக்கும் வீடு என்றால், அதிக நேரம் நிற்பவருக்கே முன்னுரிமை. பாத்திரம் தேய்க்க வேறொரு அம்மா வருகிறார் என்றால், தொட்டியின் உயரத்தை அவரிடம் கேட்பதுதான் மரியாதை. புதுப்பிக்கும்போது பின்கட்டில் இருந்த தரைத்தொட்டியை அடைத்துவிட்டு, அவரையும் இந்தச் சின்னத் தொட்டியில் பெரிய அண்டாவை உருட்ட வைக்கும் வீடுகள் நிறைய. முடிந்தால் அந்தத் தரைத்தொட்டியை விட்டுவையுங்கள்.

கிரைண்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் இலவசமாக எண்ணற்ற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு இருந்தும், ஒரு மாடுலர் வரைபடத்தில் கிரைண்டருக்கு இடம் குறித்திருப்பதைக் காண்பது அபூர்வம். மைக்ரோவேவ் அவனுக்குக் கண்ணுக்கு நேரே ஒரு மாடம் இருக்கும், மாதத்துக்கு இரண்டு முறை பயன்பட்டாலும். வாரம் தவறாமல் மாவாட்டும் இயந்திரம் மட்டும் பால்கனியில் துணி மூடிக் கிடக்கும். கல்லோடு சேர்த்துப் பத்துக் கிலோவைத் தாண்டும் பொருளை மேடைக்குத் தூக்கி வைப்பதும் இறக்குவதும் வயதானவர்களுக்கு ஆபத்து. முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 45 செ.மீ.யில், பக்கத்திலேயே ஒரு பிளக்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள மாதிரி ஒரு தாழ்மேடை கட்டினால், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து மாவை வழிக்கலாம். மீதி நேரத்தில் அதே இடம் கீரை ஆய உதவும்.

தரைக்கு அடியில், சுவருக்குள்ளே

அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும், அறை அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்பது பல குடும்பங்களில் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். தனி வீட்டில் அதற்கு வழி உண்டு. அடுக்ககத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சமையலறைக் கழிவுநீர் இறங்கும் குழாய் கட்டடத்தின் எல்லா மாடிகளுக்கும் பொதுவானது. அது இருக்கும் இடத்தை நீங்கள் மாற்ற முடியாது. தொட்டியை அங்கிருந்து மூன்று மீட்டர் தள்ளி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். கழிவுநீர் தேங்காமல் ஓட ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும் என்றால், சரிவுக்கே 6 செ.மீ. போகிறது, குழாயின் பருமனைச் சேர்த்தால் அரை அடியை நெருங்கும். குளியலறைக்குத் தளத்தைத் தாழ்த்திப் போட்டிருப்பார்கள், சமையலறைக்கு அப்படி இருக்காது. ஆக, தரையை உயர்த்த வேண்டும். வாசலில் ஒரு படி முளைக்கும். அந்தப் படியில்தான் சாம்பார்ச் சட்டியோடு கால் தடுக்கும். அடுப்பை மட்டும் திருப்பிக் கிழக்குப் பார்க்க வைத்து, தொட்டியை அது இருந்த சுவரிலேயே விடுவது பெரும்பாலான வீடுகளில் எல்லோருக்கும் ஏற்புடைய சமாதானம்.

சென்னை போன்ற ஊர்களில் இரண்டு தண்ணீர் இருப்பதை வெளியூர் வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுவார்கள். மெட்ரோ வாட்டர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. தொட்டிக்கு மேல் இரண்டு குழாய் வேண்டுமா, அரிசி களைய எது, பாத்திரத்துக்கு எது, ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் தண்ணீர் எங்கே போகும் என்பதையெல்லாம் சுவரை வெட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒதுங்கும் தண்ணீரைப் பின்கட்டு வாளிக்குக் கொண்டுபோக ஒரு மெல்லிய குழாய் அப்போது போட்டால் சொற்பச் செலவு. டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைத்தால் முடியாது.

மின்சாரத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்க வேண்டாம். 1980-களிலும் 90-களிலும் கட்டிய வீடுகளில் சமையலறைக்கென்று ஒரு சாதாரண பிளக், ஒரு பவர் பிளக் என்பதே பரவலான ஏற்பாடு. அன்றைக்கு மிக்சி ஒன்றுதான் இருந்தது. இன்று 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் கெட்டில், 1,200 வாட் மைக்ரோவேவ் மூன்றும் ஒரே காலையில் ஓடினால் 4,700 வாட். 230 வோல்ட்டில் அது 20 ஆம்பியரைத் தாண்டும். 16 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி சொருகி இதையெல்லாம் ஓட்டுவது சுவருக்குள் சூட்டை வளர்ப்பதுதான். கனமான சாதனங்களுக்கு மின் விநியோகப் பெட்டியிலிருந்தே தனித்தனி இணைப்பு, 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, கசிவு மின்சாரத்தைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை இருக்க வேண்டும். ஈரக்கையோடு பிளக்கைத் தொடும் அறை இது. கதவின் நிறத்தில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள். பிளக்குகளை அடுப்புக்கு நேர் மேலேயோ தொட்டிக்கு ஒட்டியோ வைக்காமல் நறுக்கும் இடத்தின் மேலே வரிசையாக வையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் இப்போது வாங்கவில்லை என்றாலும் அதற்கான தண்ணீர், கழிவு, மின் இணைப்பு மூன்றையும் தொட்டிக்குக் கீழே விட்டுவைப்பது நல்லது.

விளக்கும் இதில் சேர்ந்ததே. நடுக் கூரையில் ஒரு விளக்கு போட்டால், மேடையைப் பார்த்து நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் காயின் மேலேயே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஓடினால் அந்தத் தொல்லை போய்விடும். கண்பார்வை மங்கத் தொடங்கியவர்கள் சமைக்கும் வீட்டில் இது அலங்காரக் கணக்கில் வராது.

புகையும் வாயுவும்

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டு 'ஓப்பன் கிச்சன்' ஆக்குவது இன்றைய ஆசை. ஆசையில் தவறில்லை, சமைக்கிறவர் தனியே அடைந்து கிடக்காமல் வீட்டின் பேச்சில் கலந்துகொள்வது பெரிய விஷயம். ஆனால் எடுக்கும் சுவர் எது என்று தெரிய வேண்டும். தூண்களும் உத்திரங்களும் தாங்கும் கட்டடத்தில் இடையிலுள்ள நாலரை அங்குலச் சுவரை எடுக்கலாம். தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவரைத் தொட்டால் மேல்மாடிக்காரரின் வீட்டில் விரிசல் விழும். மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பி இடிக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அடுக்ககச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

சுவர் போனபின் மிளகாய் தாளிக்கும் நெடியும் கருவாட்டு வாசமும் சோபாவுக்கு வரும். முழுச் சுவரை எடுப்பதற்குப் பதிலாக மேடை மட்டத்துக்கு மேல் அகலமாகத் திறந்து, தேவைப்பட்டால் மூடிக்கொள்ளத் தள்ளும் கண்ணாடிக் கதவு வைப்பது நம் சமையலுக்குப் பொருந்துகிற ஏற்பாடாக எனக்குப் படுகிறது.

சிம்னி வாங்கும்போது விற்பனையாளர் சொல்வது ஒரே எண்: மணிக்கு 1,200 கன மீட்டர், 1,400 கன மீட்டர். எட்டடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள சமையலறையின் மொத்தக் காற்றே 22 கன மீட்டரைச் சற்றுத் தாண்டும். மணிக்குப் பதினைந்து முறை காற்று மாறினாலும் 340 கன மீட்டர்தான் ஆகிறது. நம் எண்ணெய்ச் சமையலுக்காக அதை இரட்டிப்பாக்கிக்கொண்டாலும் 700-ஐ எட்டாது. மிச்ச எண்ணெல்லாம் இரைச்சல். உண்மையில் சிம்னியின் பலத்தைத் தீர்மானிப்பது குழாய். ஆறு அங்குலக் குழாய் குறைந்த தூரத்தில், ஒரே ஒரு வளைவோடு வெளியே போனால் நடுத்தர இயந்திரமே நன்றாக இழுக்கும். பொய்க்கூரைக்குள் மூன்று வளைவு வளைத்து எதிர்ச் சுவர்வரை கொண்டுபோனால் எந்த விலை இயந்திரமும் திணறும். அடுப்புக்கும் சிம்னிக்கும் 65 முதல் 75 செ.மீ. இடைவெளி என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வதையும் மீற வேண்டாம். சிம்னி இருக்கிறதே என்று ஜன்னலை அலமாரியால் மறைக்கிறவர்கள், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள். ஜன்னலை விடுங்கள். காலை வெயில் விழும் சமையலறை ஜன்னலைக் காட்டிலும் நல்ல கிருமிநாசினி கிடையாது என்று அந்தக் காலத்துக் கட்டடக்காரர்கள் நம்பினார்கள். ஈரம் காய்வதற்காகவாவது அவர்கள் சொன்னது சரி.

சிலிண்டரை நாலாபக்கமும் மூடிய அழகான பெட்டிக்குள் ஒளித்துவைப்பது எனக்கு அச்சம் தருகிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். பெட்டிக்குள் தேங்கினால் வாசனை வெளியே வரும் முன்பே நிறைந்துவிடும். 14.2 கிலோ சிலிண்டருக்கான அறையின் கதவில் அடிமட்டத்தில் காற்றுத் துளைகள் கட்டாயம் தேவை. பக்கத்தில் பிளக்கோ சுவிட்ச்சோ இருக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரப்பர்க் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மரத்தில் ஓட்டை போட்டு மறைவாக இழுத்துவிட்டால் எலி கடித்தாலும் தெரியாது. பால்கனியிலோ வெளியிலோ சிலிண்டரை வைத்து, ஏஜென்சி மூலமாகச் செம்புக் குழாய் போட்டுக்கொள்ள முடிந்தால் அதுவே மேல். கசிவு என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906; கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

மரமும் கல்லும்

அலமாரி எதனால் செய்வது என்பதில் பேச்சு அதிகம், தெளிவு குறைவு. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. பிளைவுட்டையே கேளுங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. எம்.ஆர். என்று குறித்த பலகை ஈரக்காற்றைத் தாங்கும், தொட்டிக்கடியில் சொட்டும் தண்ணீரைத் தாங்காது. அழுத்திய மரத்தூள் பலகையை மேல் அலமாரிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்; கீழே வைத்தால் வடகிழக்குப் பருவமழை இரண்டு வந்துபோவதற்குள் விளிம்பு உப்பிவிடும். கரையான் உள்ள பகுதிகளில் தொட்டிக்கடிப் பெட்டியை மட்டும் பி.வி.சி. அல்லது ஸ்டீலில் செய்வது புத்திசாலித்தனம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கீல்களும் கூடைகளும் 304 தர ஸ்டீலாக இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துருவேறும். வெளியே பூசும் லேமினேட்டா அக்ரிலிக்கா என்பது பணத்தையும் துடைக்கும் பொறுமையையும் பொறுத்தது.

உள்ளே என்ன வைக்கப்போகிறோம் என்பதை வைத்துத்தான் இழுப்பறை செய்ய வேண்டும். எவர்சில்வர் சம்படங்களின் உயரத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். அஞ்சறைப் பெட்டி, தோசைக்கல், இடியாப்ப உழக்கு, 25 கிலோ அரிசி மூட்டையைக் கொட்டும் டிரம், பண்டிகைக்கு மட்டும் இறங்கும் பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்லுங்கள். ஆழமான கீழ் அலமாரியில் முட்டிபோட்டுத் தேடுவதைக் காட்டிலும் முழுசாக வெளியே வரும் இழுப்பறை வயதானவர்களுக்கு நல்லது. செலவு கூடும். எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாவிட்டால், அன்றாடம் திறக்கும் இரண்டு மூன்றுக்காவது செய்யுங்கள்.

மேடைக் கல்லைப் பற்றி நான் சொல்ல விரும்புவது கொஞ்சம் அதிகம். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்டால் அரித்து வெளுக்கும், பளிங்கும் அப்படியே. நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருங்கல், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கருங்கற்கள் சந்தையில் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்கின்றன. புவியியல்படி பார்த்தால் இவற்றில் பல டோலரைட் வகைப் பாறைகள். புளி, எலுமிச்சை, மஞ்சள், சூடான குக்கர் எதற்கும் அசையாது. உலகமெங்கும் ஏற்றுமதியாகும் கல் நம் பக்கத்து மாவட்டத்தில் கிடைக்கிறது.

இப்போது அதற்குப் பதிலாகப் பலர் விரும்புவது குவார்ட்ஸ். வெள்ளை வெளேரென்று, கோடு கோடாக, படத்தில் பார்த்தபடியே கிடைக்கும். அரைத்த குவார்ட்ஸ் தூளை ரெசின் பசையில் கலந்து அழுத்திச் செய்த செயற்கைக் கல் அது. ரெசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்பு வாணலியை நேரே வைத்தால் நிறம் மாறித் தழும்பு விழும். அதையாவது ஒரு மரப்பலகை வைத்துச் சமாளிக்கலாம். அந்தக் கல்லை வெட்டுகிறவருக்கு நேர்வதைச் சமாளிக்க வழியில்லை. வழக்கமான குவார்ட்ஸ் கற்களில் சிலிக்கா 90 சதவீதம் வரைகூட இருக்கும். உலர்வாக வெட்டும்போதும் விளிம்பைத் தேய்க்கும்போதும் கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவருகிறது. படிந்தது திரும்ப வெளியே வராது. நோய்க்குக் குணம் கிடையாது. பல நாடுகளில் இளம் தொழிலாளர்கள் இதில் நோயுற்றார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது.

நம் ஊரில் கல் வெட்டும் பையன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வெண்புகைக்கு நடுவே வெட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரர்கள் தூசி உள்ளே வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் குவார்ட்ஸ் வேண்டாம் என்பேன். கருங்கல்லையும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். தொட்டிக்கும் ஹாப்புக்குமான துளைகளை, தண்ணீர் ஓடும் இயந்திரம் உள்ள பட்டறையிலேயே வெட்டி வரச் சொல்லுங்கள். வாசலில் செய்ய நேரும் சின்னச் சின்ன வெட்டுகளுக்குச் சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். ஒரு சமையலறை பட்ஜெட்டில் அந்தச் செலவு கண்ணில்கூடப் படாது.

வேலை நடக்கும் நாட்கள்

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடங்க ஜனவரி கடைசி முதல் மே வரையிலான காலம் நல்லது. தீபாவளிக்குள் முடித்துத் தர வேண்டும் என்று ஆகஸ்டில் ஆரம்பிக்கிறவர்களே அதிகம். ஆசாரிக்கு அப்போது பத்து வீடு இருக்கும். பூச்சு காயும் முன் டைல்ஸ், டைல்ஸ் பிடிக்கும் முன் பெட்டி என்று அவசரத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மழை தொடங்கியதும் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மரத்துக்குள் போகும்.

மதிப்பீட்டுத் தாளைப் படிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். சிலர் நீள அடிக்கு விலை சொல்வார்கள், சிலர் கதவின் முகப்பைச் சதுர அடியாக அளந்து சொல்வார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். அடுத்து, அந்த விலையில் எது இல்லை என்று எழுதி வாங்குங்கள். கல், தொட்டி, குழாய், இடிபாடு அள்ளும் கூலி, மின்வேலை, பரண் கதவு இவை பெரும்பாலும் வெளியே இருக்கும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது சமைத்துப் பாருங்கள். தொட்டியை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே தாள் விரித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு இழுப்பறையிலும் நிஜமான எடையை வைத்து இழுங்கள்.

சுவரை வெட்டிக் குழாயும் கம்பியும் பதித்த அன்றே, பூச்சு பூசும் முன், நான்கு சுவர்களையும் டேப் பிடித்த நிலையில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகொரு நாள் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

அடுப்பு இல்லாத நாட்களுக்கு ஏற்பாடு முதலிலேயே வேண்டும். பால்கனியில் ஒரு மேசை, ஒரு இண்டக்‌ஷன், குடிநீர்க் கேன், பாத்திரம் கழுவ ஒரு குழாயடி. கைக்குழந்தையோ சர்க்கரை நோயாளியோ உள்ள வீட்டில் வெளிச்சாப்பாட்டை நம்பி இறங்கக் கூடாது. சொன்ன தேதியில் முடியும் வேலை குறைவு. சொன்னதற்கு மேலும் சில வாரங்களுக்குத் தயாராக இருங்கள்.

முழுசாக இடித்துக் கட்டப் பணம் இல்லாதவர்களும், வாடகை வீட்டில் இருப்பவர்களும் இந்த நாட்டில் பெரும்பான்மை. அவர்களுக்கும் செய்துகொள்ள நிறைய இருக்கிறது. முதல் செலவு மின்கம்பிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் போகட்டும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள், பாதியையாவது ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்து அடுப்புக்கு மேல் ஒரு எக்சாஸ்ட் ஃபேன், நறுக்கும் இடத்துக்கு ஒரு விளக்குப் பட்டை. மேடை உயரமாக இருந்தால், அடுப்புக்கு முன்னால் வழுக்காத அகலமான மரப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று சமைக்கலாம். பலகை ஆடாமல், இரண்டு பாதமும் பக்கவாட்டில் நகர இடம் கொடுக்கிற நீளத்தில் இருக்க வேண்டும். தொட்டி ஆழமாக இருந்தால் உள்ளே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பாத்திரத்தை அதன்மேல் தேய்க்கலாம். நிற்க முடியாதவர்களுக்கு ஒரு உயர முக்காலி. இவ்வளவையும் ஒரு சம்பளத்தில் ஒதுக்கிவைக்கும் தொகைக்குள் முடித்துவிடலாம், வீடு மாறும்போது பலகையையும் முக்காலியையும் கையோடு எடுத்துப் போகலாம்.